ஆயிரம் டாலர் முதலும் வெள்ளிக்கிழமைக் காசோலையும்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, மளிகைக் கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவருடைய மகன் பட்டப்படிப்பு முடித்தவர். நாற்பது ஆண்டாக நடந்துவரும் கடையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு துரித உணவகத் தொடரின் கிளையைப் போட்டுவிடலாம் என்கிறாராம். பளபளப்பான தாளில் அச்சடித்த விளக்கப் புத்தகம் ஒன்றும் நண்பர் கையில் இருந்தது. "அண்ணாச்சி, நீங்க நாலும் பார்த்தவங்க. இதுல இறங்கலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய காரியமா அது? இறங்கச் சொல்லி நட்டம் வந்தாலும் பழி. தடுத்து, பக்கத்துக் கடைக்காரர் அதை எடுத்துக் கொழித்தாலும் பழி. அவகாசம் கேட்டுக்கொண்டு வந்தேன். அதன் பிறகு இப்படிக் கிளைக்கு மேல் கிளையாக விரிந்த உணவகங்களில் ஒன்றைத் தொடங்கியவரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 'சப்வே' என்ற தொடரை நிறுவிய இருவரில் ஒருவரான பிரெட் டெலூகாதான் அவர். படித்ததில் பாதி, நம் பெரியவர்கள் கல்லாவில் உட்கார்ந்து சொல்லித்தந்த பாடம். மறுபாதி, அவர்கள் சொல்லித்தராத பாடம். இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

கையில் காசில்லாத பையன்

டெலூகா 1947-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். தந்தை சால்வடோர், தாய் கார்மெலா. இத்தாலிய வம்சாவளிக் குடும்பம். பிழைப்புக்காக ஊர் ஊராக மாறி, கடைசியில் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரத்தில் வந்து தங்கினார்கள். அது தொழிற்சாலைத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர்.

1965-இல் பையனுக்குப் பதினேழு வயது. பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. மருத்துவராக வேண்டும் என்று ஆசை. அதற்கு முதலில் கல்லூரிக்குப் போகவேண்டும். கல்லூரிக்குப் பணம் வேண்டும். இரும்புச் சாமான் விற்கும் கடை ஒன்றில் மணிக்கு 1.25 டாலர் கூலிக்கு நின்றுகொண்டிருந்தார். அது அன்றைய சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி. அந்தக் கூலியில் கல்லூரிக் கட்டணம் சேர்க்க முடியாது என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும்.

அந்த ஜூலை மாதம் குடும்ப நண்பர் பீட்டர் பக் என்பவர் வீட்டு விருந்துக்கு டெலூகா குடும்பம் போயிருந்தது. பக், இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்று அணுசக்தித் துறையில் வேலை பார்த்தவர். வயது 34. பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். 'படிப்புக்குப் பணம் சேர்க்க ஒரு வழி சொல்லுங்கள்' என்று பையன் கேட்டான். கேட்டால் கடனாகக் கொஞ்சம் தருவார் என்ற நப்பாசையும் உள்ளுக்குள் இருந்ததாம். பக் சொன்னதோ வேறு: சப்மரின் சாண்ட்விச் கடை ஒன்று போடு!

சப்மரின் என்றால் நீர்மூழ்கிக் கப்பல். நீளமான ரொட்டியை நெடுக்காகக் கீறி, உள்ளே இறைச்சித் துண்டுகள், பாலாடைக்கட்டி, வெங்காயம், தக்காளி, கீரை இலை என்று அடுக்கி மூடிக்கொடுப்பது. வடிவத்தால் வந்த பெயர். அடுப்பு மூட்டவேண்டியதில்லை, எண்ணெய்ச் சட்டி வேண்டியதில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஒருவர் இதே பண்டத்தை விற்றுப் பத்து ஆண்டில் 32 கடைகள் போட்டுவிட்டார் என்ற பத்திரிகைச் செய்தி பக்கின் மனதில் இருந்தது. நாமும் பத்து ஆண்டில் 32 கடை என்று அங்கேயே இலக்கு வைத்தார்கள். பக் 1,000 டாலருக்கு ஒரு காசோலை எழுதிக் கொடுத்துப் பங்காளியானார்.

அன்றைய மாற்று விகிதத்தில் அது நம் பணத்துக்கு ஏறத்தாழ 4,760 ரூபாய். பையனுடைய கூலிக் கணக்கில் பார்த்தால் 800 மணி நேர உழைப்பு. ஒரு பெரிய மனிதர், அனுபவமே இல்லாத பதினேழு வயதுப் பையனை நம்பி அதைத் தந்தார். தந்ததோடு நிற்கவில்லை, வட்டிக்குக் கொடுக்காமல் பங்குக்குக் கொடுத்தார் என்பதுதான் கவனிக்கவேண்டியது. கடனாகக் கொடுத்திருந்தால் முதல் குளிர்காலத்தோடு கதை முடிந்திருக்கும். வட்டிக்காரர் மாதம் பிறந்தால் வாசலில் நிற்பார். பங்காளியோ நட்டத்திலும் பாதியைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டு, மேலே என்ன செய்யலாம் என்று யோசிப்பார். தம்பிக்கோ மைத்துனருக்கோ கடை வைத்துக் கொடுக்கும் நம்மவர்கள் இந்த வேறுபாட்டை முதலிலேயே பேசி எழுதிக்கொள்வதில்லை. பின்னால் அது கடனா, பங்கா, அன்பளிப்பா என்ற வழக்கிலேயே உறவு முறிகிறது.

முதல் நாள் கூட்டம், பிறகு ஈ

1965 ஆகஸ்ட் 28-ஆம் தேதி பிரிட்ஜ்போர்ட்டில் கடை திறந்தது. பெயர் 'பீட்ஸ் சூப்பர் சப்மரின்ஸ்'. பணம் போட்டவர் பெயரையே கடைக்கு வைத்தார்கள். முதல் நாள் 312 சாண்ட்விச் விற்றது. திறப்பு விழா நாளின் கூட்டத்தைப் பார்த்து மனக்கோட்டை கட்டாத வியாபாரி யார்? கோடை போய்க் குளிர் வந்ததும் விற்பனை சரிந்தது. கடை இருந்த இடம் அப்படி. தெருவில் போகிறவர் கண்ணில் படாத மூலை. வாடகை மலிவாகக் கிடைத்ததென்று பிடித்த இடம், வாடிக்கையாளர் கண்ணுக்கு எட்டாத இடமாக இருந்தது.

பெயரிலும் ஒரு சங்கடம். வானொலி விளம்பரத்தில் 'பீட்ஸ் சப்மரின்ஸ்' என்று வேகமாகச் சொன்னால் 'பீட்சா மரீன்ஸ்' என்று காதில் விழுந்தது. பீட்சா கடையோ என்று சனங்கள் நினைத்தார்கள். பிற்பாடு பெயரைச் சுருக்கி, 1968-இல் 'சப்வே' என்று ஆக்கினார்கள். பெயர்ப்பலகை எழுதுமுன் அந்தப் பெயரை நாலு பேரை விட்டு உரக்கச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம், செலவில்லாத காரியம்.

முதல் கடை தள்ளாடும்போது இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓராண்டு கழித்து இரண்டாவது கடையைத் திறந்தார்கள். ஒன்றே ஓடாதபோது இன்னொன்றா என்று நம்மில் யாரும் கேட்போம். இரண்டு கடை இருந்தால், இவர்கள் வளர்கிறார்கள் போலிருக்கிறது என்று ஊர் நினைக்கும், பெயர் பரவும் என்பது அவர்கள் எண்ணம். இரண்டாவதும் பெரிதாகப் போகவில்லை. மூன்றாவதை, கண்ணில் படும்படியான நல்ல இடத்தில் போட்டார்கள். அதுதான் நிமிர்ந்தது.

இந்தப் பகுதியை யாரும் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. டெலூகாவின் கதையை எழுதுகிறவர்கள் இதைத் துணிச்சல் என்று புகழ்கிறார்கள். பிழைத்ததால் துணிச்சல், பிழைக்காமல் போயிருந்தால் அசட்டுத்தனம் என்று எழுதியிருப்பார்கள். அவர்களைப் பிழைக்கவைத்தது எது என்று தேடினால், கடைகளின் எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது ஒரு சின்னப் பழக்கம்.

வெள்ளிக்கிழமைச் சுற்று

டெலூகா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வண்டியை எடுத்துக்கொண்டு, ரொட்டி, இறைச்சி, காய்கறி சப்ளை செய்த வியாபாரிகளின் இடத்துக்கு நேரில் போவார். தரவேண்டிய பணத்துக்கான காசோலையைத் தம் கையாலேயே கொடுப்பார். சுற்றி வர இரண்டரை மணி நேரம் ஆகும். தபாலில் போட்டால் முடிகிற வேலை. கல்லூரியில் படித்துக்கொண்டே கடையைக் கவனித்த இளைஞனுக்கு இரண்டரை மணி நேரம் லேசான விலையும் அல்ல. அப்படிப் போகவேண்டிய அவசியம் இருக்கவில்லை, ஆனாலும் அதனால் ஏற்பட்ட நேர்ப்பழக்கம் பின்னால் பெரிதும் கைகொடுத்தது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

நான் மொத்த வியாபாரி. கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதைப் பற்றிக் கொஞ்சம் எழுத எனக்கு உரிமை உண்டு.

சில்லறைக் கடைக்காரர்களில், பணம் உள்ளவர் ஒழுங்காகக் கொடுப்பார், இல்லாதவர் இழுத்தடிப்பார் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். என் பேரேடு அப்படிச் சொல்லவில்லை. நல்ல கையிருப்பு உள்ளவர்களே வசூலுக்குப் போகும் பையனிடம் 'முதலாளி வெளியே போயிருக்கார்' என்று கடைக்குள்ளிருந்தபடியே ஆள் விட்டுச் சொல்வதுண்டு. இன்னொரு பக்கம், ஒரு சின்னக் கடைக்காரர். பாக்கி முழுவதையும் ஒரே நாளில் அவரால் அடைக்க முடிந்ததே இல்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளில் வந்து நிற்பார். இருப்பதைக் கொடுப்பார். இல்லாத வாரமும் வருவார். 'இந்த வாரம் கை ஓடலை அண்ணாச்சி, அடுத்த வாரம் சேர்த்துத் தரேன்' என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். துவரம்பருப்பு தட்டுப்பட்டு விலை நாளுக்கு நாள் ஏறிய ஒரு சமயம், என்னிடம் இருந்த மூட்டைகளை யாருக்கு என்ன விலைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யவேண்டி வந்தது. அன்று எந்தப் பேரேட்டையும் நான் புரட்டிப் பார்க்கவில்லை. சைக்கிள்காரருக்குப் பழைய விலையிலேயே இரண்டு மூட்டை போயிற்று.

டெலூகா இந்த ஊர்க் கதையைக் கேட்டிருக்க நியாயமில்லை. ஆனால் நட்டத்தில் ஓடும் இரண்டு கடைகளோடு மூன்றாவது கடைக்கும் சரக்குப் போட வியாபாரிகள் ஏன் தயங்கவில்லை என்பதற்கு எனக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் இன்னொரு லாபமும் உண்டு. வாராவாரம் கணக்கைக் கூட்டிப் பார்த்தே தீரவேண்டும். எந்தப் பண்டத்தில் கொள்முதல் கூடியது, எதில் சேதம் அதிகம் என்பது ஏழு நாளுக்குள் தெரிந்துவிடும். மூன்று மாதம் சேர்த்துப் பார்க்கிறவருக்குத் தெரியும்போது பணம் போயிருக்கும்.

பங்காளிகள் இருவரும் 1966-இல் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார்கள். அதன் பெயர் 'டாக்டர்ஸ் அசோசியேட்ஸ்'. மருத்துவத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஒருவர் டாக்டர் பட்டம் பெற்றவர், மற்றவர் டாக்டராக ஆசைப்பட்டவர், அவ்வளவுதான். 1971-இல் டெலூகா பிரிட்ஜ்போர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலில் பட்டம் வாங்கினார். மருத்துவக் கல்லூரிப் பக்கம் போகவே இல்லை. பக் தம் அணுசக்தி வேலையைத் தொடர்ந்து பார்த்தார். கடையை நடத்துவது ஒருவர், யோசனை சொல்வது ஒருவர் என்ற அந்தப் பங்காளித்தனம் ஐம்பது ஆண்டு, டெலூகா இறக்கும் வரை நிலைத்தது. அண்ணன் தம்பிகளே பத்து ஆண்டு சேர்ந்து கடை நடத்துவது அரிதாகிவிட்ட காலத்தில் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதினாறோடு நின்றபோது

1974-இல் கணக்குப் பார்த்தார்கள். ஒன்பது ஆண்டு ஓடிவிட்டது, கடைகள் 16. இலக்கில் சரிபாதி. மிச்சமுள்ள ஓராண்டில் இன்னும் 16 கடை சொந்தப் பணத்தில் போடுவது நடவாத காரியம். அப்போதுதான் கிளையுரிமை, அதாவது ஃபிரான்சைஸ் முறைக்குப் போனார்கள். கம்பெனி தன் பெயரையும் செய்முறையையும் தரும். முதல் போட்டு, வாடகை கொடுத்து, ஆள் வைத்து நடத்துவது கிளை எடுப்பவர் பொறுப்பு.

முதலில் ஒரு நண்பரைக் கேட்டார் டெலூகா. வாலிங்போர்ட் என்ற ஊரிலிருந்த கடையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நண்பர் முதலில் மறுத்தார். வாங்குவதற்கு வேண்டிய பணத்தை நானே கடனாகத் தருகிறேன், பிடிக்காவிட்டால் கடையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் டெலூகா. அந்த நிபந்தனையின் பேரில் முதல் கிளை போனது. இந்த வார்த்தையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்.

அதன் பிறகு வளர்ச்சி வேகம் பிடித்தது. சப்வே கடை போடுவது மற்ற துரித உணவகங்களைப் போலப் பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. வறுக்கும் சட்டி இல்லை, புகைபோக்கி இல்லை, பெரிய சமையலறை இல்லை. பெட்ரோல் பங்கில், மருத்துவமனை வாசலில், கல்லூரிக்குள், குறுகலான ஒற்றைக் கதவுக் கடையில்கூட அடக்கிவிடலாம். 1983-இல் கடையிலேயே ரொட்டி சுடும் ஏற்பாடு வந்தது. சுடச்சுட ரொட்டி வாசனையே விளம்பரமாயிற்று. 1982-இல் ஏறத்தாழ 200 கடைகளே இருந்தபோது, 1994-க்குள் 5,000 என்று டெலூகா இலக்கு வைத்தார். 1990-லேயே அதை எட்டிவிட்டார். 1984-இல் பஹ்ரைனில் முதல் வெளிநாட்டுக் கடை. 2001-இல் டெல்லியில் நம் நாட்டின் முதல் கடை. 2002 தொடக்கத்தில், அமெரிக்காவிலுள்ள கடைகளின் எண்ணிக்கையில் மெக்டொனால்ட்ஸையே தாண்டியது. 2010 முடிவில் உலகளவிலும் தாண்டியது: சப்வே 33,749, மெக்டொனால்ட்ஸ் 32,737.

இந்த வெற்றிக்கு நடுவே அந்த மனிதர் தாம் யாரென்று காட்டிக்கொள்ளாமல் கடைகளுக்குள் நுழைந்து, வரிசையில் நின்று, சாப்பிட்டுப் பார்ப்பாராம். மகன் கையில் கல்லாவைக் கொடுத்த பிறகும் சரக்கு அறைக்குள் போய்ப் பார்க்கும் பெரியவர்களைப் போல. சிறு தொழில் தொடங்குவோருக்குக் கடன் தரும் அமைப்பு ஒன்றையும் 1996-இல் நிறுவினார். தம்மைப் போலச் சிறிதாகத் தொடங்கியவர்களின் கதைகளைச் சேர்த்து 2000-இல் ஒரு நூலும் எழுதினார்.

எட்டு சதவீதம் எதன் மேல்?

இனி நம் பெரியவர்கள் சொல்லித்தராத பாடம்.

கிளை எடுத்தவர் கம்பெனிக்கு வாராவாரம் ராயல்டி தரவேண்டும். சப்வேயில் அது 8 சதவீதம். விளம்பர நிதிக்கு, பின்னாளில் 4.5 சதவீதம். ஆக 12.5 சதவீதம். இது லாபத்தின் மேல் அல்ல, மொத்த விற்பனையின் மேல். அன்று கடைக்கு லாபமோ நட்டமோ, கம்பெனியின் பங்கு கம்பெனிக்குப் போய்விடும். டெலூகா காலத்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு முகவர் இருந்தார். புதுக் கடைகளுக்கு ஆள் பிடிப்பதும், கடைகளைச் சோதிப்பதும் அவர் வேலை. ராயல்டியில் ஒரு பங்கு அவருக்கு. ஆக, கம்பெனிக்கும் முகவருக்கும் கடைகள் பெருகப் பெருக வருமானம்.

அதனால் என்ன, எல்லோரும் பிழைக்கட்டுமே என்று தோன்றலாம். நானாகப் போட்ட ஒரு கணக்கைப் பாருங்கள். இது கற்பனைக் கணக்கு. புரிவதற்காக ரூபாயில் போடுகிறேன்.

ஒரு கிளையில் நாள் விற்பனை 10,000 ரூபாய். சரக்கு அடக்கம் 35 சதவீதம், 3,500. கம்பெனிக்கு 12.5 சதவீதம், 1,250. வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்த்து 4,000. மிச்சம் 1,250 ரூபாய். பரவாயில்லாத பிழைப்பு. இப்போது நாலு தெரு தள்ளி அதே பெயரில் இன்னொரு கிளை திறக்கிறார்கள். பழைய கடையில் விற்பனை 7,500-க்கு இறங்குகிறது. சரக்கு 2,625. கம்பெனிக்கு 937 ரூபாய் 50 காசு. வாடகையும் சம்பளமும் இறங்குமா? அதே 4,000. மிச்சம் இல்லை, 62 ரூபாய் 50 காசு கைநட்டம். புதுக் கடையில் 7,000-க்கு விற்றால் அவருக்கு நாளொன்றுக்கு 325 ரூபாய் நட்டம். இரண்டு பேரும் நட்டத்தில். ஆனால் ராயல்டி? முன்பு ஒரு கடையிலிருந்து 800 ரூபாய். இப்போது இரண்டிலிருந்தும் சேர்த்து 1,160 ரூபாய்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கள்ளக்கணக்கு இல்லை. ஒப்பந்தத்தில் உள்ளபடியே நடக்கிறது. கிளை எடுத்தவருக்குத் தனி எல்லை எதுவும் கிடையாது என்று சப்வே ஒப்பந்த ஆவணத்திலேயே எழுதியிருக்கும். ஆனால் கூட்டாளி என்று நாம் நினைத்தவருக்கு நன்மையாவதும் நமக்கு நன்மையாவதும் ஒன்றாக இல்லாத நாள் வருகிறது.

அமெரிக்காவில் இந்த நாள் மெல்ல வந்தது. கடைகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாகத் திறக்கப்படுகின்றன என்ற புகார் 1990-களிலேயே எழுந்தது. வழக்குகள் வந்தன. ஆனாலும் மொத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதால் புகார்கள் அடங்கின. இதற்கிடையே, மியாமி நகரில் மருத்துவமனை ஒன்றில் கிளை நடத்திய ஒருவர், சனி ஞாயிறு விற்பனை மந்தமாக இருக்கிறதென்று ஓரடி நீள சாண்ட்விச்சை ஐந்து டாலர் என்று முழு எண்ணில் விலை வைத்தார். கூட்டம் அள்ளியது. 2008-இல் கம்பெனி அதையே நாடு முழுவதுக்கும் விலையாக்கியது. கடைக்காரர் மூளையில் உதித்தது, கம்பெனிக்குப் பெயர் வாங்கித் தந்தது. பொருளாதாரம் சரிந்திருந்த நேரத்தில் கடைகளையும் தூக்கி நிறுத்தியது, மறுக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர் மனதில் பதிந்த விலையை ஏற்றுவது எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியாதா? அடக்க விலையும் கூலியும் ஏறிய பிறகு, 2017 கடைசியில் மறுபடி 4.99 டாலர் சலுகை என்று கம்பெனி அறிவித்தபோது, நூற்றுக்கணக்கான கிளைக்காரர்கள் இது எங்களுக்குக் கட்டாது என்று மனுவில் கையெழுத்திட்டார்கள். விற்பனை கூடினால் கம்பெனிக்கு எட்டு சதவீதம் கூடும். அடக்கம் கட்டாத விற்பனை கூடினால் கடைக்காரருக்கு என்ன கூடும்?

எடை அளவு விஷயத்தில் நாமெல்லோரும் ஆய்வாளருக்குப் பயந்தவர்கள் என்பதால் ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். 2013 ஜனவரியில் ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் சப்வேயின் 'ஓரடி' ரொட்டியின் மேல் அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்து வெளியிட்டார். பதினோரு அங்குலம்தான் இருந்தது! 'ஓரடி என்பது பண்டத்தின் வர்த்தகப் பெயர், அளவு அல்ல' என்று கம்பெனித் தரப்பில் சொல்லப்போய், ஊரே சிரித்தது. அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். சமரசம் ஏற்பட்டு, 2017-இல் மேல் நீதிமன்றம் அந்தச் சமரசத்தைத் தள்ளிவிட்டது; சுடும்போது மாவு ஒன்றுபோல் நீளாது, மாவின் எடை ஒன்றுதான் என்பதால் வாங்குபவருக்குப் பெரிய நட்டமில்லை என்பதாகப் போயிற்று. வழக்கில் தப்பினார்கள். ஆனால் அந்த ஒரு அங்குலப் பேச்சு எத்தனை நாள் ஓடியது!

2013-இல் டெலூகாவுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. 2015 செப்டம்பர் 14-ஆம் தேதி, 67-ஆம் வயதில் காலமானார். அப்போது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 44,000 கடைகள். அமெரிக்காவில் மட்டும் 27,000. அதுதான் உச்சம். மறு ஆண்டே, அமெரிக்காவில் திறந்த கடைகளைவிட மூடிய கடைகள் அதிகமாயின. 2023-க்குள் அங்கே எண்ணிக்கை 20,000-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. போன ஏழாயிரம் கடைகள் கம்பெனியின் சொந்தக் கடைகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் சேமிப்பைப் போட்ட ஒரு குடும்பம் இருந்தது. அவர்களில் எத்தனை பேருக்கு, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று அந்த முதல் நண்பருக்குச் சொன்ன வார்த்தை சொல்லப்பட்டிருக்கும்?

டெலூகாவை இதற்காக வில்லனாக்க எனக்கு மனமில்லை. பதினேழு வயதில் பத்து ஆண்டுக்கு 32 என்று எண்ணத் தொடங்கியவர், கடைசிவரை எண்ணிக்கொண்டே இருந்துவிட்டார். சொந்தமாகப் பதினாறு கடை வைத்திருந்தவரைக்கும் ஒரு கடை நட்டமானால் அது அவர் நட்டம். பதினேழாவது கடையிலிருந்து அது அப்படி இல்லை. அவர் குணம் மாறியதாக எனக்குத் தோன்றவில்லை. கணக்கு மாறியது.

பீட்டர் பக் 2021 நவம்பரில் தம் 90-ஆம் வயதில் இறந்தார். மனைவியின் நினைவாக 23 காரட் எடையுள்ள மாணிக்கக் கல் ஒன்றை 2004-இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கிடைக்கச் செய்தவர் அவர். கம்பெனியில் தமக்கிருந்த சரிபாதிப் பங்கை அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். 2024 ஏப்ரலில் ரோர்க் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு சப்வே கைமாறியது. ஆயிரம் டாலரில் தொடங்கிய இரண்டு குடும்பங்களின் தொடர்பு அதோடு முடிந்தது.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். கிளை எடுப்பதே கெடுதல் என்று நான் சொல்லமாட்டேன். அந்த முறையில் நல்ல நிலைக்கு வந்தவர்களும் ஏராளம். ஆனால் அவர் கொண்டுவந்த பளபளப்பான புத்தகத்தைப் புரட்டினேன். கடைகள் எத்தனை, ஊர்கள் எத்தனை, வரும் ஆண்டில் எத்தனை திறக்கப்போகிறோம் என்பதெல்லாம் பெரிய எழுத்தில் இருந்தது. மூடிய கிளைகள் எத்தனை என்று இல்லை. வாரப் பங்கு விற்பனை மேலா லாபம் மேலா என்பது பொடி எழுத்தில் இருந்தது; விற்பனை மேல்தான். சரக்கை அவர்கள் சொல்லும் இடத்தில் மட்டுமே வாங்கவேண்டுமாம். அப்படியானால் வெள்ளிக்கிழமைச் சுற்றுக்கும் அங்கே இடமில்லை. தட்டுப்பாட்டில் பழைய விலைக்கு மூட்டை தர அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

ஒப்பந்த நகலையே வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். அடுத்த கிளை எவ்வளவு தூரத்துக்குள் வரக்கூடாது என்று அதில் எழுத்தில் இருக்கிறதா, ஐந்து ஆண்டில் விலக நினைத்தால் போட்ட முதலில் என்ன திரும்பும், கடைச் சாமான்களை யார் எடுத்துக்கொள்வார்கள் என்ற மூன்று இடங்களையும் பையனை உட்காரவைத்து அவன் வாயாலேயே படிக்கச் சொல்லப்போகிறோம். அதே பெயரில் கிளை நடத்தி இரண்டு ஆண்டு ஆன ஒருவரை அடுத்த ஊரில் கண்டுபிடித்திருக்கிறார் நண்பர். ஞாயிற்றுக்கிழமை மூவருமாகப் போய் அவருடைய கணக்கு நோட்டைப் பார்க்க இருக்கிறோம். அதுவரை மளிகைக் கடை திறந்தே இருக்கும்.